ரோஸ் ஆன சிலிக்கா ஜெல்லும் பாஸ் ஆகாத வவுச்சரும்

பி.காம் படிக்கிற பயலுக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். போன வருஷம் வரைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் என்றால் எனக்குத் தெருமுனையில் உர்ர்ர் என்று உறுமிக்கொண்டு நிற்கிற ஒரு சாம்பல் பெட்டி, அவ்வளவுதான். அதற்குள் எண்ணெய் இருக்கிறது என்பதே தெரியாது. அந்த எண்ணெய் எங்கள் சித்தப்பாவின் இடது கையில் பட்ட பிறகுதான் தெரிந்தது.

சித்தப்பா கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். (மில் பெயர் வேண்டாம். அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.) செமஸ்டர் லீவில் சும்மா இருக்க வேண்டாமே என்று அதே மில்லின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் என்னைச் சேர்த்துவிட்டார். வவுச்சர்களை டேலியில் ஏற்றுவது, பில்களை ஃபைலில் கோர்ப்பது, மதியம் எல்லோருக்கும் டீ சொல்வது. முக்கியமான வேலை மூன்றாவதுதான் :)

ஒரு நாள் சித்தப்பா ஒரு காகிதத்தோடு வந்தார். மில்லின் சொந்த ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து எண்ணெய் எடுத்து லேபுக்கு அனுப்பி வந்த ரிப்போர்ட். ஆறு தடவை சோதித்து, சராசரி 24 கிலோவோல்ட் என்று போட்டிருந்தது. அதோடு எண்ணெயை வடிகட்ட ஒரு கொட்டேஷன், இருபதாயிரத்துச் சொச்சம். மேனேஜர் ரிப்போர்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. கொட்டேஷனில் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, "ஓடிட்டுத்தான இருக்குது? அடுத்த குவார்ட்டர்ல பாத்துக்கலாம்" என்றார். சித்தப்பா "சிலிக்கா ஜெல்லும் ரோஸ் ஆயிருச்சுங்க சார்" என்று ஏதோ சொல்லப் பார்த்தார். மேனேஜர் போனை எடுத்துவிட்டார்.

அந்த ரெண்டு காகிதத்தையும் ஒன்றாகப் பின் அடித்து 'பெண்டிங்' ஃபைலில் போட்டது நான்தான். 24 கிலோவோல்ட் என்றால் எனக்குப் பெரிய நம்பராகத்தான் தெரிந்தது. நூற்றுக்கு எழுபது, எண்பது வாங்கிய மாதிரி.

ஐந்து மாதம் கழித்து, ஐப்பசி மழையில், ஒரு ராத்திரி ட்ரான்ஸ்ஃபார்மரின் சத்தம் மாறியிருக்கிறது. என்னவென்று பார்க்கப் போன சித்தப்பா அதன் கம்பிவேலிக்கு வெளியேதான் நின்றிருக்கிறார். உள்ளே ஏதோ வெடித்து, டாங்க் மூடியைப் பிளந்துகொண்டு கொதிக்கிற எண்ணெய் வெளியே அடித்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. தீ பிடித்து, பக்கத்துப் பஞ்சு குடோன் வரை போய், அதிர்ஷ்டவசமாக அங்கேயே அணைக்கப்பட்டது. மில் பன்னிரண்டு நாள் நின்றது.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இஞ்சினியரிங் நண்பர்கள் தப்பிருந்தால் திருத்தலாம், திட்டவும் செய்யலாம்.

மின்சாரத்தைக் கம்பிக்குள் ஓடவிடுவது பாதி வேலை. ஓடக்கூடாத இடத்தில் ஓடாமல் தடுப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைச் செய்வது காற்று, எண்ணெய், சில விசேஷமான வாயுக்கள். காற்றே நல்ல காவல்காரன்தான். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கிட்டத்தட்ட 30,000 வோல்ட் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் படீர். மின்னலும் காற்று தோற்றுப்போகிற இடம்தான்.

எப்படித் தோற்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் அது நம்ம சப்ஜெக்ட். காற்றில் எப்போதும் ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் அனாதையாகத் திரிந்துகொண்டிருக்கும். வோல்டேஜ் அதிகமானால் அவை வேகமெடுத்து ஒரு மூலக்கூறில் மோதும். மோதிய வேகத்தில் அதிலிருந்து இன்னொரு எலக்ட்ரான் தெறிக்கும். ஒன்று ரெண்டாகும், ரெண்டு நாலாகும், நாலு எட்டாகும். கூட்டு வட்டி! சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் டவுன்சென்ட் என்ற இயற்பியலாளர் இதற்குப் போட்ட கணக்கும், பிசினஸ் மேத்ஸில் நாம் படிக்கிற தொடர் கூட்டு வட்டியும் ஒரே சூத்திரம்தான். வட்டி வீதத்தின் இடத்தில் மோதல் வீதம், வருஷத்தின் இடத்தில் தூரம். கந்துவட்டிக்காரனிடம் மாட்டியவனின் கதைதான் காற்றுக்கும். ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

எண்ணெய் காற்றைவிடப் பல மடங்கு தாங்கும், சூட்டையும் இழுத்து வெளியே விடும். அதனால்தான் நூற்றாண்டுக்கு மேலாக ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் அதை ஊற்றுகிறார்கள். சோதனையும் சுலபம். எண்ணெய் உள்ள ஒரு சின்னக் கிண்ணத்தில் ரெண்டு உலோக முனைகளை 2.5 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, எத்தனை கிலோவோல்ட்டில் பொறி தாண்டுகிறது என்று பார்க்க வேண்டியதுதான். நன்றாக வடிகட்டிய புது எண்ணெய் 70 கிலோவோல்ட் தாங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரில் 30-க்குக் கீழே இறங்கினால் மோசம் என்று அர்த்தம். எங்கள் மில்லின் 24 பாஸ் மார்க் இல்லை, ஃபெயில்.

எண்ணெயை ஃபெயில் ஆக்குவது பெரும்பாலும் தண்ணீர். குடம் குடமாக இல்லை, பத்து லட்சம் பங்கில் சில பத்துப் பங்கு போதும். ட்ரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும் என்பது உங்களுக்குத் தெரியுமா? லோடு ஏறும்போது எண்ணெய் சூடாகி விரியும், லோடு குறைந்தால் சுருங்கும். சுருங்கும்போது வெளிக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த மூக்கில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் சிலிக்கா ஜெல் வைத்திருப்பார்கள், புது செருப்பு டப்பாவில் பொட்டலமாக வருமே, அதேதான். காய்ந்திருக்கும்போது நீலம். ஈரத்தைக் குடித்துக் குடித்து ரோஸ் ஆகிவிடும். (கோபால்ட் இல்லாத ஆரஞ்சு வகையும் உண்டு.) ரோஸ் ஆனால் இனிமேல் குடிக்க முடியாது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மழைக்காலக் காற்று நேராக எண்ணெய்க்குள் போகும். காப்புக்காகச் சுற்றியிருக்கிற காகிதத்தின் நார்த்துகள்கள் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கும். ஈரமான நார்கள் மின்புலத்தில் வரிசையாக நின்று கைகோர்த்துப் பாலம் கட்டும். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் பொறி தாண்டுகிறது.

தாண்டிய பொறியின் சூட்டில் எண்ணெய் உடைந்து ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் ஆகிறது. வெல்டிங் கடையில் சிலிண்டரில் அடைத்து வைத்திருப்பார்களே, அதே அசிட்டிலீன். மூடிய டாங்குக்குள் அழுத்தம் ஏறி, டாங்க் பிளந்து, சூடான எண்ணெய் காற்றைச் சந்திக்கிறது. மீதியை நான் சொல்ல வேண்டாம். 2017 அக்டோபர் 31 அன்று ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மாவட்டத்து கதோலாய் கிராமத்தில், கல்யாண வீட்டுச் சடங்குக்குக் கூடியிருந்தவர்கள் மேல் ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்து எண்ணெய் கொட்டியது. குறைந்தது 14 பேர் செத்துப்போனார்கள். தெருவோர ட்ரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே தள்ளுவண்டி போடுகிறவர்களையும் பைக் நிறுத்துகிறவர்களையும் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

"நம்ம ஊர்லதான் இப்படி, வெள்ளைக்காரன் ஊர்ல எல்லாம் பக்காவா இருக்கும்" என்று சொல்கிறவர்களுக்கு லண்டன் கதை ஒன்று. 2025 மார்ச் 20 ராத்திரி லண்டனில் நார்த் ஹைட் துணைமின் நிலையத்தில் ஒரு பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் தீப்பிடித்தது. சுமார் 25,000 லிட்டர் எண்ணெய். மறுநாள் ஹீத்ரோ விமான நிலையம் பெரும்பாலும் மூடிக் கிடந்தது. 1,300 விமானங்களுக்கு மேல் பாதிப்பு, ரெண்டு லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் தவித்தார்கள். ஜூலையில் அந்நாட்டு மின் அமைப்பை நடத்துகிற நிறுவனத்தின் விசாரணை அறிக்கை வந்தது. புஷ்ஷிங் என்று சொல்லுவார்கள், டாங்குக்குள் கம்பி நுழைகிற இடத்தில் இருக்கிற காப்பு. அதற்குள் ஈரம் போனதுதான் பெரும்பாலும் காரணம் என்றது அறிக்கை. சரி, விபத்து எங்கேயும் நடக்கும். அடுத்த வரிதான் என்னைத் தூக்கிப்போட்டது. அந்த புஷ்ஷிங்கில் ஈரம் அதிகம் என்று 2018 ஜூலையிலேயே எண்ணெய் சோதனை காட்டியிருக்கிறது. அந்த அளவு வந்தால் மாற்ற வேண்டும் என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. மாற்றவில்லை. கிட்டத்தட்ட ஏழு வருஷம்!

அங்கேயும் யாரோ ஒருவர் ரெண்டு காகிதத்தைப் பின் அடித்து ஏதோ ஒரு ஃபைலில் போட்டிருப்பார். அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

இதை நான் சொன்னபோது பக்கத்து ரூம் ட்ரிபிள் ஈ நண்பன் அலட்டிக்கொள்ளவில்லை. "எரியற எண்ணெயை எதுக்குடா வெச்சுக்கிட்டு அழணும்? எரியாத சரக்கா மாத்திட்டா மேட்டர் ஓவர்" என்றான். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் இந்த எரியாத சரக்கு வியாபாரம் ஏற்கெனவே ரெண்டு தடவை நடந்திருக்கிறது.

முதல் தடவை பி.சி.பி. குளோரின் சேர்ந்த ஒரு திரவ வகை. 1929-இல் அமெரிக்காவில் வணிக அளவில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். லேசில் எரியாது, கெடாது, காப்பும் பிரமாதம். ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று கட்டடங்களுக்குள் வைக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர்களில் எல்லாம் அதை ஊற்றினார்கள். கெடாது என்பதுதான் பின்னால் வினையானது. மண்ணில் சிந்தினாலும் கெடாது, மீனுக்குள் போனாலும் கெடாது, மனிதக் கொழுப்பில் போய் உட்கார்ந்தாலும் கெடாது. 1968-இல் ஜப்பானில் இதே திரவம் ஒரு தவிட்டெண்ணெய் ஆலையின் குழாயிலிருந்து சமையல் எண்ணெயில் கசிந்து ஆயிரக்கணக்கானோரை நோயாளி ஆக்கியது. அங்கே அது சூடேற்றும் திரவமாக இருந்தது, ஆனால் சரக்கு அதேதான்.

எரியாது என்ற பெருமைக்கும் 1981 பிப்ரவரி 5 அன்று ஆப்பு வைத்தார்கள். நியூயார்க் மாநிலத்து பிங்ஹாம்டன் நகரில் 18 மாடி அரசு அலுவலகக் கட்டடம். அடித்தளத்தில் மின்கோளாறால் தீ, அந்தச் சூட்டில் பி.சி.பி. ட்ரான்ஸ்ஃபார்மர் விரிசல் விட்டது. தீ சீக்கிரமே அணைந்துவிட்டது. ஆனால் வெந்துபோன பி.சி.பி. டையாக்சின், ஃப்யூரான் என்ற கொடிய விஷங்களாக மாறி, கரியோடு கரியாகக் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. சுத்தம் செய்து திரும்பத் திறக்க 1994 ஆனது. அதற்கான செலவு கட்டடத்தைக் கட்டிய செலவைத் தாண்டிவிட்டது. ஒரு சொத்தின் சுத்திகரிப்புச் செலவு அதன் அடக்க விலையை மிஞ்சினால் அதற்கு என்ன என்ட்ரி போடுவது என்று எங்கள் புரொபசரிடம் கேட்க ஆசை. நம்ம ஊரில் பி.சி.பி. தயாரிப்பையும் இறக்குமதியையும் தடுத்து அரசாணை வந்தது 2016-இல். ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்த அது கொடுத்த கடைசித் தேதி 2025 டிசம்பர் 31.

ரெண்டாவது தடவை ஒரு வாயு. சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளுரைடு, சுருக்கமாக எஸ்.எஃப்.6. நிறமில்லை, மணமில்லை, எரியாது, சுத்தமாக இருக்கும்வரை விஷமும் இல்லை. காற்றைவிட ரெண்டரை, மூன்று மடங்கு தாங்கும். கூட்டு வட்டி சொன்னேன் இல்லையா? இந்த வாயு அசலையே பிடுங்கி வைத்துக்கொள்ளும். திரிகிற எலக்ட்ரானை மூலக்கூறு கப்பென்று பிடித்து ஒட்டிக்கொள்வதால் ரெண்டாகப் பெருக ஆளே இருக்காது. நெருக்கடியான நகரத்தில் மைதானம் போல இடம் பிடிக்கிற துணைமின் நிலையத்தை ஒரு ஹாலுக்குள் அடக்க முடிகிறதென்றால் அது இந்த வாயுவின் தயவு. நிஜமாகவே அழகான கண்டுபிடிப்பு, குறை சொல்ல மனசு வரவில்லை.

ஆனால் இதுவும் கெடாத ஜாதி. கசிந்து வானத்துக்குப் போனால் பழைய கணக்குப்படி 3,200 வருஷம், புதுக் கணக்குப்படி சுமார் ஆயிரம் வருஷம் அங்கேயே இருக்கும். நூறு வருஷக் கணக்கில் பூமியைச் சூடேற்றுவதில் ஒரு கிலோ எஸ்.எஃப்.6 சுமார் 24,000 கிலோ கார்பன் டையாக்சைடுக்குச் சமம். நைக்கி ஷூவின் காற்றுப் பைக்குள்கூட 2006 வரை இதை அடைத்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1997 கியோட்டோ ஒப்பந்தத்திலேயே குறைக்க வேண்டிய வாயுக்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். ஐரோப்பிய யூனியன் 2024-இல் போட்ட சட்டத்தில் 24 கிலோவோல்ட் வரையிலான புது சுவிட்ச்கியரில் இது கூடாது, 2026 ஜனவரியிலிருந்து, சில விதிவிலக்குகளோடு என்று இருக்கிறது. வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. காற்றைப் போல ஐந்து மடங்கு கனம் என்பதால் கேபிள் பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும், குனிந்தவனுக்கு மூச்சுக்குக் காற்று இருக்காது. உள்ளே பொறி பறந்திருந்தால் வாயு உடைந்து விஷமாகிவிடும், வெள்ளைப் பொடியாகவும் படியும். இதை உறிஞ்சி அரக்கன் குரலில் பேசி வீடியோ போடுகிற ஆட்களுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

எரியாத தாவர எண்ணெய் என்று எதுவும் இல்லை, ஆனால் 300 டிகிரிக்கு மேல்தான் பற்றிக்கொள்கிற தாவர எண்ணெய் வகைகள் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வந்திருக்கின்றன. சாதாரண எண்ணெய் 140 டிகிரி பக்கத்திலேயே ஆவி பற்றும் என்பதால் இது உண்மையிலேயே முன்னேற்றம். மாற்றட்டும், சந்தோஷம். ஆனால் அதையும் சோதிக்க வேண்டும், அதற்கும் வவுச்சர் வரும், அந்த வவுச்சரும் இதே மேனேஜர் மேஜைக்குத்தான் போகும்.

என் கட்சி இதுதான். எண்ணெய் மோசமான காவல்காரன் இல்லை. அதைப் போல வாய்விட்டுச் சொல்கிற பொருள் குறைவு. நிறம் கறுத்தால் சொல்கிறது, ஜெல் ரோஸ் ஆகிச் சொல்கிறது, கிலோவோல்ட் இறங்கிச் சொல்கிறது. எண்ணெயில் கரைந்த வாயுக்களை அளந்தால் உள்ளே சூடா, பொறியா என்றுகூடப் பிரித்துச் சொல்கிறது, நமக்கு ரத்தப் பரிசோதனை மாதிரி. கேட்கிற இடத்தில் இருப்பவரிடம் செக் புக் இல்லை, செக் புக் இருப்பவரிடம் அந்தக் காகிதம் போவதில்லை. இஞ்சினியரிங் தப்பு இல்லை மக்களே இது, நம்ம டிபார்ட்மென்ட் தப்பு.

யோசித்துப் பாருங்கள். கம்பெனி ஆடிட்டில் சொத்துப் பதிவேடு சரியாக இருக்கிறதா, ட்ரான்ஸ்ஃபார்மர் அந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது. இருக்கிறது, டிக். அதன் உள்ளே இருக்கிற எண்ணெய் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கிற காலம் எந்தப் படிவத்திலும் நான் பார்க்கவில்லை. தேய்மானம் வருஷா வருஷம் போடுகிறோம். அது சதவிகிதத்துக்குத் தேய்கிறது, எண்ணெய் ஈரத்துக்குத் தேய்கிறது. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்ஷூரன்ஸ் காப்பாற்றும் என்றார்கள். தீ பாலிசிகளில் வழக்கமாக ஒரு விதிவிலக்கு உண்டு. ஷார்ட் சர்க்யூட், மின்பொறி மாதிரி காரணங்களால் ஒரு மின்சாதனம் கெட்டால் அந்தச் சாதனத்துக்குப் பணம் கிடையாது. அதிலிருந்து பரவிய தீயில் மற்றவை எரிந்தால் உண்டு. எங்கள் மில்லில் கருகிய பஞ்சுக்குக் கிளெயிம் போட்டார்கள், ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் போட முடியவில்லை. சர்வேயர் வந்து முதலில் கேட்டது கடைசி எண்ணெய் சோதனை ரிப்போர்ட்டை. பெண்டிங் ஃபைலைத் திறந்து எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அந்தப் பின்னைக் கழற்றும்போது கை நடுங்கியது.

என்னைக் கேட்டால் பெரிய சட்டமெல்லாம் வேண்டாம். ஃபெயில் ஆன சோதனை ரிப்போர்ட் வந்தால், தள்ளிப்போடுகிறவர் அந்த நம்பருக்குக் கீழேயே 'பார்த்தேன், தள்ளிப்போடுகிறேன்' என்று தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். அதன் நகல் முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் போக வேண்டும். கட்டாத வரி பாக்கியை ஆடிட்டர் எழுதுகிற மாதிரி செய்யாத சோதனைப் பரிகாரத்தையும் எழுதட்டும். "சின்ன மில்லுக்கு இதெல்லாம் சுமை" என்று ஒரு சீனியர் சொன்னார். இருபதாயிரம் சுமைதான். பன்னிரண்டு நாள் ஓடாத மில்லின் கணக்கை ஏற்றியவன் என்ற முறையில் அந்தச் சுமையைப் பற்றி மட்டும் என்னிடம் பேச வேண்டாம். கையெழுத்து வாங்க சித்தப்பா மாதிரி ஆட்களுக்குத் தைரியம் வருமா என்றால், அது கஷ்டம்தான். இருபது வருஷமாக 'சார்' போட்டுப் பழகிய வாய். அதனால்தான் கேட்பது ஆளாக இல்லாமல் படிவமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

சித்தப்பாவின் கை ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது, விரல்கள் முழுசாக மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான் மன்னிப்புக் கேட்டதற்கு, "நீ என்ன கண்ணு பண்ணுவ, உனக்கு அந்த நம்பர் என்னன்னு ஆரு சொல்லிக் குடுத்தாங்க" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

புது ட்ரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. இப்போது மாதம் ஒன்றாம் தேதி அந்த ஜெல் புட்டியை போட்டோ எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், எனக்கும் ஒரு காப்பி. போன மாதப் போட்டோவில் கீழ்ப் பாதி ரோஸ். மேனேஜர் பார்த்துவிட்டதற்கு ரெண்டு நீல டிக் விழுந்திருப்பதாகச் சொன்னார். பதில் இன்னும் வரவில்லையாம்.